லோகோ வரைய முதல் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போங்கள்

பெண்கள் சங்கம் ஒன்றுக்காக நான் முதன்முதல் வரைந்த லோகோவைப் பிரதேச செயலகத்தில் ஒரு உத்தியோகத்தர் விரலால் தேய்த்துப் பார்த்தார். “என்ன தங்கச்சி, மை கொட்டுண்டு போச்சோ?”

மை கொட்டவில்லை. அது மூன்று நீல அலை, அதற்குமேல் உதிக்கும் சூரியன், கைகோத்து நிற்கும் ஐந்து பெண்கள். என் கொம்பியூட்டர் திரையில் அவ்வளவு வடிவு. ஆனால் அவர் கையில் இருந்தது சங்கத்தின் மனுவின் கொப்பியின் கொப்பியின் கொப்பி. மூலப் பிரதி சங்கத்துக் கோப்பில், முதல் கொப்பி மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு, அதிலிருந்து எடுத்தது கடற்றொழில் திணைக்களத்துக்கு, அதிலிருந்து எடுத்தது இவருக்கு. வழியில் கடலும் சூரியனும் பெண்களும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிட்டன.

அதற்கு முன் எட்டு வருசம் திருகோணமலை நகரத்து அச்சகம் ஒன்றில் வேலை செய்தவள் நான். கலியாணக் காட், சாமத்திய வீட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி பனர், 31ஆம் நாள் நினைவு மலர். நினைவு மலரில் மேகமும் ஒளிவட்டமும் தாராளமாகப் போடலாம், அதை யாரும் போட்டோக்கொப்பி எடுத்து நாலு கந்தோருக்கு அனுப்புவதில்லை. உரிமைக்காகக் குரல் கொடுக்கிற சங்கத்தின் லோகோ அப்படியல்ல. அதன் வாழ்நாளில் பாதி, மங்கலான கொப்பியாக ஏதோவொரு மேசையில் கிடப்பதுதான். அந்த நாளுக்குப் பிறகு நான் எந்தச் சங்கத்துக்கு வேலை செய்தாலும் அந்த மேசையிலிருந்துதான் தொடங்குகிறேன். நீங்களும் அப்படித் தொடங்கினால் என்னளவு வெட்கப்பட வேண்டி வராது.

அந்தச் சங்கம் குச்சவெளியிலிருந்து மூதூர் வரை கடலை நம்பி வாழும் பெண்களுடையது. கருவாடு போடுகிறவர்கள், கரைவலை இழுக்கிறவர்கள், களப்பில் மட்டி பொறுக்குகிறவர்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் இருக்கிறார்கள். தங்களையும் தொழிலாளர் என்று கணக்கெடுக்க வேண்டும், கரைக்குப் போகிற பாதைகள் அடைபடக் கூடாது: இரண்டு கோரிக்கைதான்.

முதல் வேலை: எல்லாவற்றையும் பாயில் பரப்புவது

கொம்பியூட்டரைத் திறக்காதீர்கள். சங்கத்தின் பெயர் அச்சான எல்லாப் பொருளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கடிதம், ரசீதுப் புத்தகம், அங்கத்துவ அட்டை, ரப்பர் முத்திரை, பழைய பனர், ரீசேட், வங்கிப் புத்தகம், பதிவுச் சான்றிதழ். ஒரு பாய் விரித்து வரிசையாக வையுங்கள்.

நாங்கள் பரப்பியபோது ஒரே சங்கத்துக்கு ஐந்து பெயர் இருந்தது. ஒன்றில் ‘மகளிர்’, ஒன்றில் ‘மாதர்’, ஒன்றில் ‘பெண்கள்’. ஓரிடத்தில் ‘சங்கம்’, இன்னோரிடத்தில் ‘அமைப்பு’. சிங்களப் பெயர் இரண்டு விதம். ஆங்கிலத்தில் சுருக்கெழுத்து மட்டும், அதுவும் ஒரு எழுத்துக் குறைவாக. இதை வைத்துக்கொண்டு லோகோ வரைவது அத்திவாரம் இல்லாமல் சுவருக்குப் பெயின்ற் அடிப்பது மாதிரி. பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரே கடிதத்திலும் முத்திரையிலும் வங்கியிலும் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஒரு காலும் கொம்பும் மாறினால் காசோலை திரும்பி வரும்.

பெயரில் இன்னொரு கதையும் வெளியே வந்தது. ‘மீனவப் பெண்’ என்ற சொல்லை நான் சாதாரணமாக எழுதியிருந்தேன். மூதூரிலிருந்து வந்த ஒரு அக்கா பேப்பரைத் தள்ளி வைத்தார். “மீனவப் பெண் எண்டா மீனவன்ட பெண்சாதி எண்டுதான் கந்தோரில விளங்கிக்கொள்ளுறாங்க. என்ட மனுசன் மோசம் போய் 11 வருசம். நான் ஆற்ற பெண்சாதி எண்டு கருவாடு போடுறன்?” ஒருவரும் பேசவில்லை. சங்கத்தின் முழுக் கோரிக்கையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. பதிவுப் பெயரை மாற்றுவது பெரிய சோலி, அதனால் அதைத் தொடவில்லை. பெயருக்குக் கீழே ‘கடற்றொழில் செய்யும் பெண்கள்’ என்று ஒரு வரி சேர்த்தோம். பிறகு வந்த பனர், கடிதத்தாள், இணையத்தளம் எல்லாவற்றிலும் அந்த வரி பெயரோடு ஒட்டிக்கொண்டே போகிறது. லோகோவைவிட அந்த வரிதான் வேலை செய்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சின்னம் தேடுவது: இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது

கடல் சங்கம் என்றால் யாருக்கும் முதலில் படகுதான் வரும். எனக்கும் வந்தது. கிழக்கில் படகு தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் தேர்தல் சின்னம். அதை லோகோவாகப் போட்டால் அடுத்த தேர்தலில் சங்கம் யாருக்கோ வாக்குக் கேட்பதாகிவிடும். “வள்ளத்தப் போட்டா எங்கட ஊரில ஒருத்தரும் கையெழுத்து வைக்க மாட்டாங்க புள்ள” என்று கிண்ணியாவிலிருந்து வந்த ராத்தா ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். சரி, சங்கு போடுவோமா என்று கேட்டேன். 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளரின் சின்னம் சங்கு. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆகவே இலங்கையில் சங்கத்துக்குச் சின்னம் தேடுகிறவர்கள் இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வையுங்கள்: வீடு தமிழரசுக் கட்சி, சைக்கிள் தமிழ்க் காங்கிரஸ், உதயசூரியன் தமிழர் விடுதலைக் கூட்டணி, வீணை ஈ.பி.டி.பி., மரம் முஸ்லிம் காங்கிரஸ், யானை ஐக்கிய தேசியக் கட்சி, கை சுதந்திரக் கட்சி, மொட்டு பொதுஜன பெரமுன, தொலைபேசி ஐக்கிய மக்கள் சக்தி, திசைகாட்டி தேசிய மக்கள் சக்தி. என் முதல் லோகோவில் உதிக்கிற சூரியன் இருந்ததே, அதைக் கவனித்தீர்களா? மை கொட்டியதால் ஒருவருக்கும் தெரியாமல் தப்பினேன்.

சமயச் சின்னமும் அப்படித்தான். கோணேசர் கோயில் மலை எங்கள் எல்லோருக்கும் கண்ணுக்குப் பழகிய கோடு, நகரத்துக் கடற்கரையில் நின்றால் அதுதான் தெரியும். ஆனாலும் மூன்று சமூகச் சங்கத்தில் அது ஒரு பகுதியின் சின்னமாகிவிடும். பிறையும் அரசமிலையும் அப்படியே. கோட்டைக்குள் திரிகிற மானைப் போடலாமே என்று ஒரு தம்பி சொன்னான். மான் வடிவுதான், ஹோட்டல் விளம்பரத்துக்கு.

விடையை நான் கண்டுபிடிக்கவில்லை. அந்த ராத்தா கைப்பையிலிருந்து சாவியைத் தேடி எடுக்கும்போது வலை பின்னுகிற ஊசி ஒன்று கீழே விழுந்தது. வெள்ளைப் பிளாஸ்ரிக், ஒரு விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட, ஒரு முனை கூர், நடுவில் நூல் சுற்ற ஒரு நாக்கு. சீனக்குடாப் பக்கத்திலிருந்து வந்த சிங்கள அக்கா அதை எடுத்துப் பார்த்து, தன்னிடமும் இதே மாதிரி இருக்கிறது என்றார். மூன்று சமூகத்தாரும் ஒரே பொருளை ஒரே மாதிரிப் பிடித்திருந்தார்கள். எந்தக் கட்சியிடமும் அது இல்லை. கறுப்பாக நிரப்பினாலும் உருவம் மாறாது.

நீங்களும் இப்படித் தேடுங்கள். ‘ஒற்றுமை’, ‘நம்பிக்கை’ என்று கருத்துக்குப் படம் தேடினால் கைகளும் புறாக்களும்தான் வரும். அங்கத்தவர்கள் தினமும் கையில் எடுக்கிற பொருள் என்ன என்று கேளுங்கள். காணி உரிமைச் சங்கமென்றால் உறுதிக் கட்டு வைக்கிற ரின் பெட்டி இருக்கும். மாற்றுத்திறனாளிகள் சங்கமென்றால் அவர்களிடமே கேளுங்கள், சக்கர நாற்காலி என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

வரைந்து முடிந்ததும் சோதனை. முதலில் கறுப்பு வெள்ளையில் மட்டும் வரையுங்கள், நிறத்தைப் பிறகு யோசிக்கலாம். அதை அச்சடித்து, கொப்பியிலிருந்து கொப்பியாக ஐந்து தடவை எடுங்கள். ஐந்தாவதிலும் இது என்னவென்று தெரிய வேண்டும். பிறகு 8 மில்லிமீற்றர் அளவுக்குச் சின்னதாக்குங்கள், ரப்பர் முத்திரையில் அவ்வளவுதான் இடம் கிடைக்கும். பிறகு வட்ஸ்அப் வட்டத்துக்குள் போட்டுப் பாருங்கள், மூலை வெட்டுப்படுகிறதா என்று தெரியும். கடைசியில் ஒரு சின்னப் பிள்ளையிடம் காட்டி என்ன தெரிகிறது என்று கேளுங்கள். எங்கள் ஊசியைப் பார்த்து என் மருமகன் ‘மீன்’ என்றான். அதுவும் பிழையில்லை என்று விட்டுவிட்டேன்.

நிறம்

பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் கட்சிக் கொடிகளில் போய்விட்டன. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் எங்கள் பக்கத்தில் வேறு கதை தொடங்கும். காவியும் சும்மா இல்லை. மிஞ்சியதைக் கூட்டிக் கழித்து, பனங்கட்டி நிறத்துக்கு வந்தோம். கடும் மண்ணிறம், வெள்ளைத் தாளில் நன்றாக எடுபடும். இணையத்தில் எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது அணுகல் வழிகாட்டி விதி, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 காணும். பனங்கட்டி அதைத் தாராளமாகத் தாண்டியது. ஒரே நிறம் என்பதால் அச்சுச் செலவும் குறைவு.

பனர் அடிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. திருகோணமலை வெயிலில் பிளெக்ஸ் பனர் நாலைந்து மாதம் தொங்கினால் மஞ்சளும் ரோசாவும்தான் முதலில் செத்துப் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். கத்தரிப்பூ நிறத்தில் அடித்த பனர் ஆடி மாதத்துக்குள் நீலமாகி, ஏதோ கட்சிப் பனர் மாதிரி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முக்கியமான எழுத்தைக் கறுப்பில் போடுங்கள்.

மூன்று எழுத்தும் ஒரே உயரமாய் நிற்க வேண்டும்

இதில்தான் பல பேர் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் அழகாக லோகோ செய்துவிட்டு, கீழே தமிழையும் சிங்களத்தையும் எறும்பு மாதிரிப் போடுவார்கள். அதைப் பார்க்கிற அங்கத்தவருக்கு, இது தனக்கான தாள் இல்லை என்று உடனே விளங்கிவிடும். மூன்று மொழிக்கும் ஒரே புள்ளி அளவு கொடுத்தாலும் சமமாகத் தெரியாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் உயர்ந்து நிற்கும், தமிழ் அகன்று ஓடும், சிங்களத்தில் மேலும் கீழும் கொக்கிகள் வரும். அளவுகோலை விட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள். நாங்கள் ஆங்கிலத்தை இரண்டு புள்ளி குறைத்தோம், அப்போதுதான் மூன்றும் ஒன்றாய் நின்றன.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழும் நோட்டோ சான்ஸ் சிங்களமும் நல்ல சோடி. இரண்டும் ஒரே குடும்பம், திறந்த உரிமத்தில் இலவசம், எந்த உரிமப் பிரச்சினையும் வராது. தலைப்புக்குக் கொஞ்சம் குணம் வேண்டுமென்றால் தமிழில் முக்த மலர், ஹிந்த் மதுரை போன்றவை உண்டு, சிங்களத்தில் அபய லிப்ரே. ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். எந்த மொழி முதலில் என்ற சண்டை எங்களிடம் ஒரு முழுப் பின்னேரத்தைத் தின்றது. கடைசியில் கடிதத்தாளை மூன்று விதமாகச் செய்தோம். எந்த மொழியில் கடிதமோ அந்த மொழிப் பெயர் மேலே வரும், மற்ற இரண்டும் அதே கனத்தில் கீழே.

பாமினி என்ற பழைய எழுத்துரு. இதைச் சொல்லாமல் இலங்கையில் யாரும் தமிழ் வடிவமைப்பைப் பற்றி எழுத முடியாது. சங்கத்தின் பழைய கோப்பு முழுவதும் பாமினியில் தட்டச்சு செய்தது. அச்சில் அது தமிழ், இணையத்தில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தேடினாலும் அகப்படாது, பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானும் வாசிக்காது. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றுங்கள். மாற்றியதை ஒரு ஆள் இருந்து முழுதாக வாசிக்க வேண்டும். ஸ்ரீ, மேற்கோள் குறி, அடைப்புக்குறி, இடையில் வரும் ஆங்கிலப் பெயர் இவைதான் குழம்பும்.

போட்டோசொப்பில் தமிழ் ஒட்டும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் பயப்பட வேண்டாம், எழுத்துரு பிழையில்லை. பழைய பதிப்பென்றால் அமைப்புகளில் எழுத்து என்ற பகுதிக்குப் போய் மத்திய கிழக்கு, தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை மாற்றுங்கள். சிங்களத்தில் வேறொரு பொறி உண்டு. அவர்களுடைய ‘ஸ்ரீ’ கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியால்தான் ஒட்டி நிற்கிறது. சில மென்பொருள் ஒட்டும்போது அந்தக் குறியை விழுங்கிவிடும், எழுத்து இரண்டாய்ப் பிளந்துவிடும். பத்தடி பனரில் அப்படிப் பிளந்ததை நான் கவனிக்கவேயில்லை, எனக்குச் சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும். சிங்கள அக்கா பார்த்துவிட்டு, “பரவாயில்ல நங்கி” என்றார். அது பரவாயில்லை இல்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. அன்றிலிருந்து வேர்ட் கோப்பில் சரிபார்த்ததை நான் கணக்கில் எடுப்பதில்லை. அச்சுக்குப் போகிற கடைசி பி.டி.எஃப்.பை அந்தந்த மொழிக்காரர் வாசித்து, ‘சரி’ என்று எனக்கு எழுதி அனுப்ப வேண்டும்.

இணையத்தளம்: வாடிக்குள் இருக்கிறவருக்குத் திறக்குமா?

உதவி தருகிற நிறுவனம் கொழும்பில் பெரிய திரையில் பார்க்கும் என்று நினைத்துத்தான் பெரும்பாலான சங்கத் தளங்கள் செய்யப்படுகின்றன. முன்பக்கத்தில் ஓடுகிற படங்கள், அதன்மேல் தூரநோக்கு, பணிக்கூற்று. நான் பார்த்த அளவில் ஒரு சங்கத்தின் தளத்தை உண்மையாகத் திறப்பவர்கள் நாலு வகை: லிங்க் கிடைத்த அங்கத்தவர், செய்தி எழுத வந்த பத்திரிகையாளர், மனு யாருடையது என்று பார்க்கிற உத்தியோகத்தர், கடைசியாகத்தான் காசு தருகிறவர். முதல் மூன்று பேரும் கைத்தொலைபேசியில்தான் பார்ப்பார்கள். அங்கத்தவர் டேற்றா கார்ட்டில் மிச்சமிருக்கிற கொஞ்சத்தோடு, குச்சவெளிப் பக்கத்து வாடியில், அதாவது கடற்கரைக் கொட்டிலில் இருந்து.

ஆகவே முன்பக்கம் முழுதும் 500 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். ஓடுகிற படம் வேண்டாம், தானாய்ப் பாடுகிற வீடியோ வேண்டவே வேண்டாம். படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் சேமியுங்கள். வேர்ட்பிரஸ் பழக்கமென்றால் அதிலேயே செய்யலாம், ஆனால் பிளகின் என்ற கூடுதல் செருகி ஒவ்வொன்றும் ஒரு வீட்டு விருந்தாளி மாதிரி, வந்தால் போகாது. வருசத்துக்கு நாலு தடவை மட்டும் புதுப்பிக்கிற தளமென்றால் வெறும் நிலைப் பக்கங்களே போதும், உடைக்க ஒன்றுமில்லை.

பக்கத்தை அடுக்கும்போது தமிழை வைத்து அடுக்குங்கள். ஆங்கிலத்தில் ஏழு எழுத்தில் முடிகிற பொத்தான் தமிழில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ ஆகிவிடும். தமிழுக்கு இடம் பார்த்து வைத்தால் ஆங்கிலம் தானாகப் பொருந்தும், மறுபக்கமாகச் செய்தால் பட்டியெல்லாம் இரண்டு வரியாய் உடையும். தமிழ் எழுத்து 18 பிக்சலுக்குக் குறையாமல், வரி உயரம் 1.6 அல்லது 1.7. சாய்வெழுத்து தமிழுக்குச் சொந்தமில்லை, போட வேண்டாம். எழுத்திடைவெளியையும் நீட்டாதீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் மொழிக் குறியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க வெளிக்கிடும். மொழி மாற்றுகிற இடத்தில் கொடிப் படம் வேண்டாம். இந்த ஊரில் எந்த மொழிக்கு எந்தக் கொடி என்று கேட்டுப் பாருங்கள், ஏன் என்று விளங்கும். மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே எழுதினால் முடிந்தது.

முன்பக்கத்தில் என்ன எழுதுவது? யாரிடம் என்ன கேட்கிறோம், இதுவரை என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்யலாம். இந்த மூன்றும் விரலால் தள்ளாமலே தெரிய வேண்டும். எங்கள் தளத்தில் அதிகம் பகிரப்பட்டது ஒரு கோட்டுப் படம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கரையோர வலயம் என்றால் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர். இதைச் சட்ட வாசகமாக எழுதி வைத்தபோது ஒருவரும் வாசிக்கவில்லை. ஒரு வள்ளம் இல்லாத கடல், ஒரு தென்னை, ஒரு வாடி, நடுவில் இரண்டு அம்புக்குறி என்று ஒரே நிறத்தில் வரைந்தேன். அடுத்த கிழமை அது கிராம உத்தியோகத்தர் கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருந்தது. போட்டோக்கொப்பி, ஆனால் தெளிவு.

இன்னொரு பக்கத்தை நான் எல்லாச் சங்கத்துக்கும் சிபாரிசு செய்வேன்: கடிதப் பதிவேடு. எந்தத் தேதியில் எந்தக் கந்தோருக்கு எழுதினோம், பதில் வந்ததா, எத்தனை நாள். வெறும் அட்டவணை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அந்த 14க்குப் பக்கத்தில் ஓடுகிற நாள் கணக்கை வைத்தால் நீங்கள் ஒரு கடும் சொல்லும் எழுதத் தேவையில்லை. வந்த பதிலை ஸ்கான் செய்து போடும்போது கீழே அதன் சாரத்தை எழுத்திலும் போடுங்கள், படத்தை யாராலும் தேட முடியாது. தனியாள் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எல்லாவற்றையும் மறைத்த பிறகுதான். மறைப்பதென்றால் பி.டி.எஃப்.பில் மேலே கறுப்புப் பெட்டி வைப்பது அல்ல, அதை நகர்த்திப் பார்க்கலாம். அச்செடுத்து, மார்க்கரால் அடித்து, திரும்ப ஸ்கான் செய்யுங்கள்.

வட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் ஒரு சின்னப் படமும் தலைப்பும் வருகிறதே, பல பேருக்கு உங்கள் தளம் அவ்வளவுதான். அதற்கென 1200க்கு 630 பிக்சல் அளவில் ஒரு படம் செய்து, அதிலேயே கோரிக்கையை ஐந்தாறு சொல்லில் எழுதுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிப் படம்.

டொமைன் பெயர் யார் கையில் இருக்கிறது என்பது வடிவமைப்பு இல்லைத்தான், ஆனால் இது போனால் மற்றதெல்லாம் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்துக்கு உதவி செய்த தம்பி, தன் சொந்த மின்னஞ்சலில் பெயரைப் பதிந்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் அவன் பார்க்காத பெட்டியில் கிடந்தன. கொஞ்ச நாளில் சங்கத்தின் முகவரியில் சூதாட்ட விளம்பரம். சங்கத்தின் பெயரில் மின்னஞ்சல் திறந்து, அதில் பதியுங்கள். கடவுச்சொல்லை ஒரு கடித உறையில் போட்டு ஒட்டி, பொருளாளரின் அலுமாரியில் வங்கிப் புத்தகத்தோடு வையுங்கள். தமிழில் முகவரி வேண்டுமென்றால் 2010இலிருந்து ‘.இலங்கை’ இருக்கிறது. பெருமைக்கு நல்லது, அச்சிலும் வடிவு. ஆனால் அதை உலாவியிலிருந்து கொப்பி செய்தால் சில இடத்தில் விசித்திரமான ஆங்கில எழுத்துக் கோவையாக வரும். ஆகவே ‘.எல்கே’ அல்லது ‘.ஓஆர்ஜி’ ஒன்றைப் பிரதானமாக வைத்து, தமிழ் முகவரியை அதற்குத் திருப்பி விடுங்கள்.

முகம்

நல்ல படம் ஒன்று ஆயிரம் மனுவுக்குச் சமம் என்று எனக்கும் ஒரு காலத்தில் நினைப்பு இருந்தது. ஒரு அங்கத்தவரின் சிரித்த முகத்தைப் பெரிதாகப் பனரில் போட்டேன். கேட்டுத்தான் போட்டேன், அவரும் தலையாட்டினார். பனர் சந்தியில் ஏறிய அன்றிரவு அவர் தம்பி எனக்குக் கோல் எடுத்தார். வீட்டில் பெரிய பிரச்சினை. இரவு பத்து மணிக்கு ஏணியும் பிளேட்டுமாகப் போய் வெட்டி இறக்கினோம். அவர் சம்மதித்தது கூட்டத்தில் எடுத்த ஒரு படத்துக்கு, சந்தியில் பத்தடி உயரத்தில் நிற்பதற்கு அல்ல. நான் கேட்ட கேள்வி பிழை.

இப்போது நான் தனித்தனியாகக் கேட்கிறேன்: அச்சில் போடலாமா, தளத்தில் போடலாமா, பேஸ்புக்கில் போடலாமா, பனரில் போடலாமா. எப்படி இருக்கும் என்று போனில் காட்டிவிட்டுக் கேட்கிறேன். அடுத்த நாளும் ஒருதரம் கேட்கிறேன், கூட்டத்தில் நாலு பேருக்கு முன்னால் ‘மாட்டன்’ என்று சொல்வது எல்லோராலும் முடியாது. முகம், பெயர், ஊர் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்ப்பதில்லை. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் ஒளிந்திருக்கும், தளத்தில் ஏற்ற முதல் அதை அழித்துவிடுங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது, சம்மதப் படிவங்களை ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது அதற்கும் நல்லது.

முகம் இல்லாவிட்டால் தளம் வெறுமையாய் இருக்கும் என்று பயப்பட வேண்டாம். எங்கள் தளத்தில் இருப்பதெல்லாம் கைகள். உப்பு அப்பின கை, வலை பின்னுகிற கை, கையெழுத்து வைக்கிற கை. பார்க்கிறவர்கள் யாருடைய கை என்று கேட்பதில்லை. அங்கத்தவர்களுக்கு மட்டும் தெரியும், அவர்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

கையளிப்பது

உதவி தருகிற நிறுவனங்களின் லோகோ உங்கள் லோகோவைவிடச் சின்னதாக, கீழே, ஒரே வரிசையில். அவர்களுடைய வழிகாட்டியில் வேறு அளவு சொல்லியிருந்தால் பணிவாகக் கதைத்துப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள். திட்டம் முடிந்தால் அவர்கள் போய்விடுவார்கள், பனர் நிற்கும்.

நாற்பது பக்க வடிவமைப்புக் கையேடு எழுதாதீர்கள். நான் ஒரே தாளில், இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு பக்கம் லோகோவின் மூன்று வடிவம், நிறத்தின் எண், எழுத்துருவின் பெயர். மறுபக்கம் மூன்று மொழியிலும் சரியான பெயர், பெரிய எழுத்தில், பார்த்து எழுத வசதியாக. சங்கத்தில் இரண்டு இளம் பிள்ளைகளுக்குத் தளத்தில் செய்தி ஏற்றப் பழக்கினேன். ஒருத்தியை மட்டும் பழக்க வேண்டாம், அவள் கலியாணம் கட்டியோ கம்பஸுக்கோ போனால் தளமும் போகும்.

அந்தத் தாளில் ஒரு கொப்பியையும் கோப்புகள் உள்ள பென்டிரைவ் ஒன்றையும் பனர் அடிக்கிற கடைத் தம்பியிடமும் கொடுங்கள். நாளைக்கு அவசரமாக ஆர்ப்பாட்டம் என்றால் சங்கத்தார் உங்களுக்குக் கோல் எடுக்க மாட்டார்கள், அவனிடம்தான் ஓடுவார்கள். அவனிடம் கோப்பு இல்லாவிட்டால் பேஸ்புக்கிலிருந்து இறக்கி, இழுத்துப் பெருப்பித்து, கூடவே ஒரு உதயசூரியனும் போட்டுவிடுவான். கோப்புக்கு ‘லோகோ கறுப்பு’, ‘லோகோ நிறம்’, ‘லோகோ வட்டம்’ என்று தமிழிலேயே பெயர் வையுங்கள். ‘பைனல் பைனல் 2’ என்று ஒன்று அதற்குள் கிடந்தால் அவன் அடிப்பது அதைத்தான்.